ரேடியேஷன் முடிந்தது... கவனிப்பு முடியவில்லை! மூளைக் கட்டியிலிருந்து மீண்டவர்களின் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

"கட்டி அப்படியே அடங்கியிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா இவர் முன்ன மாதிரி இல்லையே!"

மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களின் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பது அபூர்வம். சிகிச்சை முடிந்து மூன்று, நான்கு வருடங்கள் ஓடியிருக்கும். ஸ்கேனில் கட்டி வளரவில்லை. தலைமுடியும் ஓரளவு வளர்ந்துவிட்டது. ஆனால், அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். கடையில் மீதிச் சில்லறைக் கணக்கு குழம்புகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வருகிறது. மதியம் படுத்தால் மாலைவரை எழுந்திருக்க முடியவில்லை.

வீட்டில் ஒருவர் "சோம்பேறித்தனம்" என்பார். இன்னொருவர் "வயசாகுதுல்ல" என்பார். மூன்றாமவர், "கட்டி திரும்ப வந்துடுச்சோ" என்று உள்ளுக்குள் நடுங்குவார். பல சமயம் இந்த மூன்றுமே காரணமாக இருப்பதில்லை. உயிரைக் காப்பாற்றிய அதே சிகிச்சை, வருடங்கள் கழித்துக் காட்டும் பின்விளைவாக அது இருக்கலாம். அதில் சில, சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் ஒரு மாத்திரையில் சரியாகக்கூடியவை. இதைக் குடும்பத்தினர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

'கரண்ட் வைக்கிறது' என்றால் என்ன?

கிராமப்புறங்களில் கதிர்வீச்சு சிகிச்சையை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற கருவியிலிருந்து அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்கள் கட்டியைக் குறிவைத்து அனுப்பப்படுகின்றன. தலை கொஞ்சமும் அசையக் கூடாது என்பதற்காக, முகத்தின் அச்சில் வார்த்த ஒரு வலை முகமூடியை மாட்டி, மேஜையோடு பொருத்திவிடுவார்கள். வலி இருக்காது. சில நிமிடங்களில் அன்றைய சிகிச்சை முடிந்துவிடும்.

இன்னொரு பயமும் தேவையில்லை. வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவரின் உடம்பில் கதிரியக்கம் தங்காது. வீட்டுக்கு வந்ததும் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம்.

கதிர்வீச்சின் அளவை 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். மெதுவாக வளரும் கட்டிகளுக்கு வழக்கமாக மொத்தம் 50 முதல் 54 கிரே, தீவிரமான கிளையோபிளாஸ்டோமா வகைக்கு 60 கிரே. இதை ஒரே நாளில் கொடுத்தால் மூளை தாங்காது. அதனால் ஒரு நாளைக்கு 1.8 அல்லது 2 கிரே என்று பிரித்து, வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தரை அல்லது ஆறு வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள். இப்படிச் சின்னச் சின்னத் தவணையாகக் கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு தவணைகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் நல்ல செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும். கட்டியின் செல்களால் அது சரிவர முடியாது.

ஆனாலும் நல்ல திசுவுக்குச் சேதமே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று இடங்களில் அடி விழுகிறது. முதலாவது, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர். இரண்டாவது, நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை. வீட்டு ஒயரின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை உரிந்தால் மின்சாரம் சரியாகப் போகாதல்லவா? அதுபோல இந்த உறை தேய்ந்தால் மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி தாமதமாகப் போகும். மூன்றாவது, ஹிப்போகேம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் இருக்கும் சின்னப் பகுதி. புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் வேலை அதனுடையது.

மூன்று பருவங்கள்

பின்விளைவுகளை மருத்துவர்கள் காலக்கணக்கில் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதல் பருவம், சிகிச்சை நடக்கும்போதும் அதற்கடுத்த சில வாரங்களும். களைப்பு, தலைவலி, குமட்டல், கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்தல், தோல் சிவத்தல். களைப்பு சிகிச்சையின் கடைசி வாரங்களிலும், அது முடிந்த ஓரிரு வாரங்களிலும் உச்சத்தில் இருக்கும். 'முடிந்த பிறகு ஏன் அதிகமாகிறது' என்று கவலைப்பட வேண்டாம். அதன் இயல்பே அப்படித்தான்.

இரண்டாம் பருவம், ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை. சிலருக்கு நாள் முழுவதும் தூக்கம் தூக்கமாக வரும். ஞாபகம் கொஞ்சம் மங்கும். நரம்பு உறைகள் தற்காலிகமாகப் பாதிக்கப்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

மூன்றாம் பருவம், ஆறு மாதத்துக்குப் பிறகு. பத்து வருடம், இருபது வருடம் கழித்தும் தலைகாட்டலாம். முதல் இரண்டும் வந்து போகிறவை. மூன்றாவது பருவத்தில் வருபவை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். கவனம் தேவைப்படுவதும் இங்கேதான். ஆனால், இந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போவது குறைந்திருக்கும். ஃபைல் பீரோவுக்குள் போயிருக்கும்.

ஞாபக மறதிக்கு யார் காரணம்?

மறதி என்றதும் பழியை முழுக்கக் கதிர்வீச்சின் மேல் போடுவது சரியில்லை. நெதர்லாந்தில், மெதுவாக வளரும் மூளைக் கட்டி உள்ள 195 பேரைப் பரிசோதித்து, 2002-ம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பாதிப்பில் பெரும்பங்கு கட்டியுடையதுதான் என்று அது சொன்னது. நினைவாற்றல் குறைவு, ஒரே தவணையில் 2 கிரேக்கு மேல் கொடுக்கப்பட்டவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. கவனம் சிதறுவதற்கு, வலிப்புக்காகச் சாப்பிடும் மாத்திரைகளோடும் தொடர்பு இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால், அதே குழுவினர் அந்த நோயாளிகளில் 65 பேரை மறுபடியும் பரிசோதித்தார்கள். அதற்குள் சராசரியாகப் பன்னிரண்டு வருடங்கள் ஓடியிருந்தன. 2009-ல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. கதிர்வீச்சு எடுத்தவர்களில் 53 சதவிகிதம் பேருக்கு மூளையின் செயல்திறனில் குறிப்பிடத்தக்க குறைவு இருந்தது. எடுக்காதவர்களில் அது 27 சதவிகிதம். முக்கியமாகக் கவனம் செலுத்தும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். ஆறு வருடம் நன்றாக இருந்தார் என்பதால், பன்னிரண்டாவது வருடம் பரிசோதனையே வேண்டாம் என்று முடிவு செய்யக் கூடாது. இன்னொன்றும் தெரிகிறது. கதிர்வீச்சு எடுக்காதவர்களிலும் நான்கில் ஒருவருக்குக் குறை இருந்தது. ஆக, எல்லாவற்றுக்கும் 'ரேடியேஷன் வைத்ததுதான் காரணம்' என்று குடும்பம் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

கோபம், எரிச்சல் விஷயத்திலும் இப்படித்தான். வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் லெவெடிராசெட்டம் என்ற மாத்திரை சிலருக்குச் சிடுசிடுப்பை உண்டாக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து கொடுக்க வழி இருக்கிறது. நாமாக நிறுத்திவிடக் கூடாது; நிறுத்தினால் வலிப்பு வந்துவிடும்.

கட்டியா, தழும்பா?

சிகிச்சை முடிந்த பின் எடுக்கும் ஸ்கேனில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால், வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். ஆனால், அந்தத் திட்டு எல்லா நேரமும் கட்டியாக இருக்காது.

முதல் மூன்று மாதங்களுக்குள் இப்படித் தெரிந்தால், கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்து உண்டாக்கிய வீக்கமாக இருக்கலாம். அடுத்தடுத்த ஸ்கேன்களில் அது தானாகச் சுருங்கும். சில மாதங்கள் முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்குள் தெரிந்தால், கதிர்வீச்சால் அந்த இடத்துத் திசு இறந்துபோன நிலையாக இருக்கலாம். இதை ரேடியேஷன் நெக்ரோசிஸ் என்பார்கள். தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் என்று அறிகுறிகள் கட்டியைப் போலவே இருக்கும். சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பிரித்தறிய, ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ., வேதிப்பொருட்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபி, பெட் ஸ்கேன் ஆகியவை உதவுகின்றன. சில சமயம் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். நெக்ரோசிஸ் என்றால் ஸ்டீராய்டு, பெவாசிசுமாப் ஊசி, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று வைத்தியம் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு 'திரும்ப வந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய படங்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருத்துவரால் சரியாகச் சொல்ல முடியும். அதனால் பழைய ஸ்கேன் சி.டி.க்களைத் தூக்கிப் போடவே கூடாது.

பட்டாணி அளவு சுரப்பி, பெரிய பிரச்னை

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருப்பது பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை போன்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போவது இங்கிருந்துதான். அந்தப் பகுதியில் கதிர் பட்டிருந்தால், வருடங்கள் போகப் போக இந்த உத்தரவுகள் ஒவ்வொன்றாகக் குறையலாம். பொதுவாக வளர்ச்சி ஹார்மோன் முதலில் குறையும். அடுத்து பாலியல் ஹார்மோன்கள். பிறகு அட்ரீனலுக்கும் தைராய்டுக்கும் போகும் உத்தரவுகள்.

வெளியில் தெரியும் அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை. எப்போதும் களைப்பு, குளிர் தாங்காமை, எடை கூடுவது, மாதவிலக்கு நின்றுபோவது, தாம்பத்திய ஆர்வம் குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், மனச்சோர்வு. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு மாதவிலக்கு நின்றால், 'அந்த வயசுதானே' என்று விட்டுவிடுகிறோம். ஐம்பது வயது ஆண் களைப்பாக இருக்கிறார் என்றால், 'ஆபீஸ் டென்ஷன்' என்கிறோம். பிட்யூட்டரி பற்றி யாரும் நினைப்பதில்லை.

இதில் ஒரு முக்கியமான சிக்கல். களைப்பாக இருக்கிறது என்று லேபில் டி.எஸ்.எச். மட்டும் பரிசோதித்து, 'நார்மல்' என்று வந்ததும் திருப்தியடைந்துவிடுகிறோம். டி.எஸ்.எச். என்பதே பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். பிட்யூட்டரியே பழுதாகியிருக்கும்போது, அந்த எண் நார்மலாகக் காட்டிக்கொண்டே தைராய்டு குறைந்திருக்கும். ஃப்ரீ டி4 பரிசோதனையும் சேர்த்துச் செய்தால்தான் தெரியும். அதோடு காலை நேர கார்டிசோல், பாலியல் ஹார்மோன்கள், புரோலாக்டின் ஆகியவற்றையும் வருடம் ஒருமுறை நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கார்டிசோல் குறைவு உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரணக் காய்ச்சலும் வாந்தியும்கூட ரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குக் கொண்டுபோகும். மாறாக, கண்டுபிடித்துவிட்டால் தினமும் சாப்பிடும் சின்ன மாத்திரை போதும். பல வருடங்களாகத் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக் குறுகியவர், மறுபடி எழுந்து நடமாடுவதை வீட்டில் பார்க்கலாம்.

தலைக்குக் கதிர்வீச்சு எடுத்த பெண், பிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வியும் வரும். தலையில் கொடுக்கப்பட்ட கதிர், பிற்காலத்தில் உருவாகும் கருவைப் பாதிப்பதில்லை. ஆனால், பிட்யூட்டரி குறைபாட்டால் கருத்தரிப்பது தாமதமாகலாம்; அதற்கும் சிகிச்சை உண்டு. வலிப்பு மாத்திரைகளை மட்டும் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண், காது, ரத்தக் குழாய்

கண்ணுக்குப் பக்கத்தில் கதிர் போயிருந்தால் கண்புரை சீக்கிரம் வரலாம், கண் வறண்டுபோகலாம். கண்புரை அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். பார்வை நரம்பு பாதிக்கப்படுவது அரிது. ஆனால், பாதித்தால் மீட்பது கடினம். அதனால்தான் அந்த நரம்புக்குப் போகும் அளவு 54 கிரேயைத் தாண்டாமல் திட்டமிடுகிறார்கள். காதின் உட்பகுதியில் கதிர் பட்டிருந்தால், கேட்கும் திறன் பல மாதங்கள், வருடங்கள் கழித்துக் குறையலாம். 'கூப்பிட்டா திரும்பறதே இல்ல' என்று கோபித்துக்கொள்ளும் முன் ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகுவதால் பக்கவாத அபாயமும் கூடுகிறது. எனவே, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் மற்றவர்களைவிட இவர்கள் அதிகக் கண்டிப்போடு கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். புகைப்பிடிப்பதை அறவே விட வேண்டும்.

பல வருடங்களுக்குப் பிறகு சிலருக்கு அரிதாக 'ஸ்மார்ட் சிண்ட்ரோம்' என்ற நிலை வரும். ஒற்றைத் தலைவலி போல ஆரம்பித்து, பக்கவாதம் போல ஒரு பக்கம் மரத்துப்போகும், பேச்சு குழறும். பெரும்பாலும் நாட்கள் அல்லது வாரங்களில் சரியாகிவிடும். பழைய கதிர்வீச்சு பற்றி அவசரப் பிரிவு மருத்துவருக்குத் தெரிந்திருந்தால்தான் இந்தக் கோணத்திலும் யோசிப்பார்.

கதிர்வீச்சாலேயே புதிதாகக் கட்டி வருமா? வரலாம், ஆனால், வாய்ப்பு குறைவு. பிட்யூட்டரி கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களை பிரிட்டனில் நீண்டகாலம் கவனித்தபோது, இருபது வருடங்களில் நூற்றில் சுமார் இரண்டு பேருக்கு மூளையில் வேறு கட்டி வந்திருந்தது.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

இவ்வளவையும் படித்துவிட்டு, 'ரேடியேஷனே வேண்டாம்' என்று ஒருவர் முடிவெடுத்தால் அது பெரிய ஆபத்து. கட்டி வளர்ந்தால் அது செய்யும் சேதம் இதைவிடப் பல மடங்கு.

கிளையோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 573 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2005-ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் 10.4 சதவிகிதம். கதிர்வீச்சோடு டெமோசோலமைட் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26.5 சதவிகிதம். இன்றும் இந்தக் கூட்டு சிகிச்சைதான் அடிப்படை. வயது முதிர்ந்தவர்களுக்கு ஆறு வாரத்துக்குப் பதில் மூன்று வாரத்தில், 15 தவணைகளில் 40 கிரே என்று சுருக்கமாகவும் கொடுக்கிறார்கள். மீதமிருக்கும் நாட்களை மருத்துவமனை வராந்தாவில் கழிக்காமல் வீட்டில் கழிக்க அது உதவும்.

மெதுவாக வளரும் கட்டிகளில் கதை வேறு. அமெரிக்காவில் 251 பேரிடம் நடந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 7.8 ஆண்டுகளைக் கடந்தார்கள்; அதன்பின் கீமோதெரபியும் பெற்றவர்களில் பாதிப் பேர் 13.3 ஆண்டுகளைக் கடந்தார்கள். இவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பதால்தான், பின்விளைவுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

உடனே கதிர்வீச்சு கொடுப்பதா, கட்டி மறுபடி வளரும்வரை காத்திருப்பதா என்பதையும் ஐரோப்பாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடனே பெற்றவர்களுக்குக் கட்டி வளராமல் இருந்த காலம் 5.3 ஆண்டுகள், காத்திருந்தவர்களுக்கு 3.4 ஆண்டுகள். வலிப்பும் முதல் பிரிவினருக்குக் குறைவாக இருந்தது. ஆனால், மொத்த ஆயுள் இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றே: 7.4, 7.2 ஆண்டுகள். ஆகவே, சிலருக்கு மட்டும் மருத்துவர் 'இப்போதைக்குப் பொறுத்துப் பார்க்கலாம்' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராசிடெனிப் என்ற மாத்திரையும், ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள மெதுவான கட்டிகளில் கதிர்வீச்சைத் தள்ளிப்போட வழி செய்கிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கட்டியின் வகை, இருக்கும் இடம், வயது ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சென்னையின் பங்கு

ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அந்த வளாகத்தில் இருக்கும் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் தொடங்கப்பட்டது. அதே மருத்துவமனையில் 1950-ல் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. இந்தப் பக்கம் அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் புற்றுநோய் மருத்துவமனை உருவானது. 1950-களின் பிற்பகுதியிலேயே அங்கே கோபால்ட்-60 கருவி வந்துவிட்டது. தரமணியில், 2019 ஜனவரியில் தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையத்தை அப்போலோ குழுமம் தொடங்கியது.

கருவிகள் மாற மாற, பின்விளைவுகளும் குறைந்து வருகின்றன. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராகேஷ் ஜலாலியின் குழு, 2001 முதல் 2012 வரை 200 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தது. எல்லோரும் 3 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். இரு பிரிவுக்கும் ஒரே அளவு: 54 கிரே, 30 தவணை. ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை. இன்னொரு பிரிவுக்குக் கட்டியை மிகத் துல்லியமாகக் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை. ஐந்து ஆண்டுகளில் புதிதாக ஹார்மோன் குறைபாடு வந்தவர்கள் வழக்கமான முறையில் 51 சதவிகிதம். துல்லிய முறையில் 31 சதவிகிதம். அறிவுத்திறன் மதிப்பெண்ணும் துல்லிய முறையில் நன்றாகக் காப்பாற்றப்பட்டது. கட்டியைக் கட்டுப்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. 2017-ல் இந்த முடிவு வெளியானது. டாக்டர் ஜலாலி பின்னர் தரமணி மையத்துக்கு வந்தார்.

புரோட்டான் கதிர்கள் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும். கட்டியைத் தாண்டிப் போவதில்லை. அதனால் மூளையின் மற்ற பகுதிகளில் சிந்தும் கதிர் குறையும். செலவு அதிகம் என்பதால் எல்லோருக்கும் அது கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். நீண்ட ஆயுள் எதிர்பார்க்கப்படும் இளவயதினருக்கும், பார்வை நரம்பு போன்ற முக்கிய இடங்களை ஒட்டிய கட்டிகளுக்கும் அதன் பயன் அதிகம்.

வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குச் சில சமயம் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அப்போது ஹிப்போகேம்பஸை மட்டும் ஒதுக்கிக் கொடுத்து, மெமண்டைன் மாத்திரையும் சேர்த்தால், நினைவாற்றல் பாதிக்கப்படும் அபாயம் சுமார் கால் பங்கு குறைகிறது என்று 518 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சை தொடங்கும் முன், "ஹிப்போகேம்பஸைத் தவிர்க்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. கட்டி அதன் பக்கத்தில் இருந்தால் முடியாது. முடிந்தால் நினைவுக்கு நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சாவி, மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா மூன்றுக்கும் நிரந்தரமாக ஒரே இடம். தினசரி வேலைகள் ஒரே வரிசையில். மூளைக்குப் பழக்கம்தான் ஊன்றுகோல்.

* செல்போனில் அலாரம், சுவரில் பெரிய எழுத்துக் காலண்டர், சட்டைப்பையில் சின்ன நோட்டு. பால் அடுப்பில் இருக்கும்போது அலாரம் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒருவர் பேச்சு. டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

* கடினமான வேலையைக் காலையில் முடித்துவிட்டு, மதியம் அரைமணி நேரம் அளவாகத் தூங்கச் சொல்லுங்கள். தினமும் நடைப்பயிற்சி களைப்பைக் குறைக்கும்.

* தூக்கமின்மை, மனச்சோர்வு இரண்டும் மறதியை இரட்டிப்பாக்கும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

* வலிப்பு வந்தவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. கிணறு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், அடுப்பு ஆகியவற்றின் பக்கம் தனியாக விடாதீர்கள்.

* ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

* ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், வாந்தியோடு கடும் தலைவலி, திடீர்ப் பார்வைக் குறைவு, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் வாந்தியும்... இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

செலவுக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். புற்றுநோயாளியும் உடன் செல்பவரும் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போய்வர ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அரசு ஊழியர் ஒருவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

அந்த ஃபைல் எங்கே?

கடைசியாக, மிக எளிய, மிக முக்கியமான வேலை ஒன்று. கதிர்வீச்சு முடியும் நாளன்று மருத்துவமனையில் சிகிச்சைச் சுருக்கம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் கட்டியின் வகை, மூளையின் எந்தப் பகுதி, மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன முறை என்று எல்லாம் இருக்க வேண்டும். பல வருடங்கள் கழித்து மறுபடியும் கதிர்வீச்சு தேவைப்பட்டால், இனி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட இந்தத் தாள்தான் ஆதாரம்.

அதை செல்போனில் படம் எடுத்து, மகனுக்கும் மகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். காய்ச்சலுக்குப் போகும் பக்கத்துத் தெரு டாக்டரிடமும், கண் டாக்டரிடமும், "இவருக்கு இந்த வருஷம் தலையில ரேடியேஷன் வெச்சிருக்கு" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். நோயாளிக்கே அது மறந்து போயிருக்கலாம். அவருக்காக அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது வீட்டில் இருக்கும் நாம்தான்.